செத்த மாவுக்குப் புதுத் தேதி

சரவணா,

நீ என் போனை எடுத்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. கோவிந்தன் அண்ணன் உனக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டதாக அவரே என்னிடம் சொன்னார். சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது கடைசியில் ஊரில் நடந்தது மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. ஒரு பிரதியைப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன்னைத் தப்பாகப் பேசியவர்கள் அந்த வாசலில் நின்றுதான் பேசினார்கள். உன் மேல் தப்பில்லை என்பதும் அதே வாசலில் எழுத்தாக இருக்கட்டும்.

உன் அப்பா போனபோது நீ எட்டாவது படித்தாய். சாமல்பட்டி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு ஓசூர் வந்தேன். சிப்காட்டுக்கு வெளியே தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. நாங்கள் இருபது பெண்களும் அதைப் பவுடர் கம்பெனி என்றுதான் சொல்வோம். மூட்டையில் வரும் வெள்ளை மாவை எடை போட்டு, பாக்கெட்டில் நிரப்பி, வாயை ஒட்டி, தேதி குத்த வேண்டும். தேதி குத்துகிற மேஜை என்னுடையது. பதினோரு வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்தேன். பயிருக்கு ஏதோ மருந்து என்று தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. லேபிளின் பின்பக்கம் தமிழில்தான் அச்சடித்திருந்தது. நான் பிளஸ் டூ வரை படித்தவள். ஆனாலும் அதைப் படித்ததில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கே நம்ப முடியவில்லை.

நீ டிப்ளமோ முடித்து, கார் பாகம் செய்யும் கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் வந்து ராஜினாமா கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். குத்தகையை முடித்துக்கொண்டு நீயே ராகி போடப் போவதாகச் சொன்னாய். நான் கத்தினேன். "ஃபேன் காத்துல நிக்கிற வேலைய உட்டுட்டு மண்ணுல போயி எறங்குறேங்கிறியே, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கேட்டேன். மூன்று மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. நீ முதல் உழவு ஓட்டிய அன்றைக்குக்கூட நான் வரவில்லை. அது என் முதல் தப்பு. பிள்ளை ஒரு முடிவு எடுத்த பிறகு பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதன் பிறகு அவன் என்ன சொன்னாலும் அவள் காதில் பாதிதான் விழும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

ஏனென்றால் நீ எனக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். ஊத்தங்கரையில் வேளாண்மைத் துறை நடத்திய பயிற்சிக்குப் போய்விட்டு வந்து போன் செய்தாய். உன் குரலில் அத்தனை சந்தோஷம். "அம்மா, ராகியில வர்ற குலைநோய்க்கு மருந்து அடிக்கவே வேணாமாம். சூடோமோனாஸ்னு ஒண்ணு. உங்க கம்பெனியில பண்றதுதாம்மா! அது மருந்து இல்ல, உசுரு. கண்ணுக்குத் தெரியாத உசுரு. வெதயில கலந்தா வேரச் சுத்திக் குடி வந்து உக்காந்துக்கும். அப்பறம் கெட்ட பூஞ்சாணம் வந்தா அதுக்கு எடமும் இல்ல, சோறும் இல்ல" என்றாய். நான் உம் கொட்டினேன். குக்கரில் எத்தனை விசில் வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உசுரு என்ற சொல் என் காதில் விழுந்தது. அதே உசுருதான் என் மேஜையில் மாவாகக் கிடக்கிறது என்று மண்டையில் ஏறவில்லை.

ராகித்தாளை மாடு தின்கிறது, ராகிக் கூழைக் குழந்தை குடிக்கிறது, கதிர் வந்த பிறகு அதில் விஷத்தை அடிக்க மனசு வரவில்லை என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். முதல் வருடம் உன் வயல் நன்றாக விளைந்தது. பக்கத்து வயல்களில் கழுத்து ஒடிந்த கதிர்கள் நின்றபோது உன்னுடையது தலை குனிந்து நின்றது. அந்த வருடம் உனக்குக் கிடைத்த பாக்கெட்டுகள் கம்பெனியிலிருந்து புதிதாக வந்தவை. அது உன் அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை. அடுத்த ஆடியில் கோவிந்தன் அண்ணன் தானாக வந்து உன்னிடம் அந்த மாவைக் கேட்டார். முக்கால் ஏக்கர் வைத்துக்கொண்டு தனியாகப் பாடுபடும் மாதம்மா அக்காவும் கேட்டாள். அவளுக்கு அந்த முக்கால் ஏக்கர் ராகிதான் வருடம் முழுக்கச் சாப்பாடு. "எங்கம்மா வேல செய்யிற கம்பெனிதான் பெரியம்மா. எங்கம்மா கையால பேக் பண்ணது. கண்ண மூடிட்டு நம்பலாம்" என்று அவளிடம் நீ சொன்னாயாம். அவளே பின்னால் என்னிடம் சொன்னாள்.

அந்த ஆடிக்கு முந்தின சித்திரையில் கம்பெனியில் என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். கடைகளில் விற்காமல் தேதி முடிந்து திரும்பி வந்த பெட்டிகள் தகரக் கூரையைத் தொடுகிற வரை அடுக்கிக் கிடந்தன. உள்ளே கை வைத்தால் பாக்கெட் சுடும். சூப்பர்வைசர் ஒரு பாட்டில் தின்னரும் பழைய துணியும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பழைய தேதியைத் துடைத்துவிட்டுப் புதிது குத்தச் சொன்னார். "சார், கெட்டுப் போயிருக்காதா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். அவர் சிரித்தார். "டால்க் பவுடர்மா இது. கல்லு. கல்லு எங்கியாச்சும் கெட்டுப் போவுமா?" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஒரு வாரம் துடைத்துத் துடைத்துக் குத்தினேன். தின்னர் வாடையில் தலை வலித்தது. அது ஒன்றுதான் எனக்கு அன்றைக்கு இருந்த வருத்தம்.

ஐப்பசியில் விடாமல் தூறல் பிடித்துக்கொண்டது. காலையில் பத்து மணி வரை மூட்டம். நீ போனில் இலையில் புள்ளி விழுகிறது என்றாய். கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறமாக. அதே மாவைக் கரைத்துச் சாயங்காலம் தெளித்ததாகச் சொன்னாய். இரண்டாம் முறையும் தெளித்தாய். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பி வந்தேன். வரப்பில் ஏறி நின்று பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கதிர் எல்லாம் நேராக நின்றது. ராகிக் கதிர் நேராக நிற்கக் கூடாது, மணி பிடித்தால் கனத்தில் குனியும், தெரியும்தானே. ஒரு கதிரைப் பிடித்தேன். கழுத்தில் கருப்பு வளையம். கையோடு ஒடிந்து வந்தது. கசக்கினால் உமி. அடுத்ததும் உமி. மாதம்மா அக்காவின் வயலுக்கு நடந்தேன். அங்கேயும் அதுதான்.

மோட்டார் ரூமில் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். காலி பாக்கெட்டுகளை நீ ஒழுங்காக மடித்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாய். ஒன்றை எடுத்தேன். தேதிக்குக் கீழே மங்கலாக நீல மை தேய்ந்த தடம். என் முத்திரையில் மூன்று என்ற எண்ணின் அடிப்பகுதி ரப்பர் பிய்ந்து போயிருக்கும், அது எப்போதும் அரைகுறையாகத்தான் விழும். இந்தப் பாக்கெட்டிலும் அரைகுறை மூன்று. அடுத்த பாக்கெட்டை எடுத்தேன். அதிலும். எல்லாவற்றிலும். அப்போதுதான் முதல் தடவையாகப் பின்பக்கம் படித்தேன். உயிருள்ள பாக்டீரியா அடங்கியது. வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கவும். காலாவதியான பின் பயன்படுத்தக் கூடாது. நீ வெளியே நின்று "தண்ணி இருக்குதாம்மா?" என்று கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. இருக்கிறது என்று சொன்னேன். ஒரு பாக்கெட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் கோவிந்தன் அண்ணன் உன்னைப் பிடித்துக்கொண்டார். பால் ஊற்ற வந்தவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். "ஃபேக்டரியில நட்டு முடுக்கிட்டு இருந்தவன் எனக்கு வெவசாயம் சொல்லித் தர வந்துட்டான்! மருந்து அடிச்சிருந்தா பாதியாச்சும் வூடு வந்து சேந்திருக்கும். புண்ணாக்கு மாவ நம்பச் சொல்லி எங்க வாயில மண்ணப் போட்டுட்டியேடா!" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு "எம்மேல தப்புதான் மாமா" என்றாய். உனக்குப் பத்தடி பின்னால் நான் நின்றேன். பாக்கெட் என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை, சரவணா. திறந்திருக்கலாம்.

மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். "சார், இந்த மாவுல உசுரு இருக்குதாமே?" என்று கேட்டேன். அவர் பில்லைப் பார்த்துக்கொண்டே "இருந்துச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை அறைந்தது போல இருந்தது. இருந்துச்சு. அவருக்கு முதலிலிருந்தே தெரியும். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, பதினோரு வருஷமா லேபிள்ல என்னா எழுதியிருக்குன்னு நீ படிச்சதே இல்லியா?" என்றார். திரும்பிப் போய் என் மேஜையில் உட்கார்ந்தேன். அன்றைக்கும் தேதி குத்தினேன். அடுத்த நாளும் குத்தினேன்.

நீ குஜராத்துக்கு ஃபேக்டரி வேலைக்குக் கிளம்பிய அன்று சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயில் தாமதம். பெஞ்சில் நாற்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "பாக்டீரியாவ நம்புனது தப்பில்லம்மா. நாந்தான் எங்கியோ தப்பா செஞ்சிருக்கேன். எங்கன்னுதான் தெரியல" என்று நீ மூன்று தடவை சொன்னாய். எங்கே என்று எனக்குத் தெரியும். இருபது நாளாகத் தெரியும். உனக்கு இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றேன். ரயில் போன பிறகு அந்த பெஞ்சிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். செத்த மாவுக்குத் தேதி குத்தியதுகூடத் தெரியாமல் செய்தது. அந்த நாற்பது நிமிடம் தெரிந்து செய்தது. நான் இப்படிப்பட்டவள் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

மாசியில் மாதம்மா அக்கா போன் செய்தாள். உன்னைப் பற்றி விசாரித்தாள், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "பையன் மேல எனக்குக் கோவமே இல்லடி. வெதயில மாவு ஒட்டறதுக்குக் காச்சுற கஞ்சி ஆறுன பெறகுதான் மாவக் கலக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். நாந்தான் அவசரத்துல சூடா இருக்கும்போதே கலந்துட்டேன் போலிருக்குது. அதுங்க செத்துப் போயிருக்கும். என் கையாலயே கொன்னுட்டேன். யார்கிட்டயும் சொல்லிராத." சாப்பாட்டுக்கு வைத்திருந்த பயிரையே இழந்தவள், அந்தத் தப்பைத் தன் கைமேல் போட்டுக்கொண்டு மூன்று மாதமாக மறைத்து வைத்திருக்கிறாள். நீ உன் மேல் போட்டுக்கொண்டு போய்விட்டாய். தப்பு செய்தவள் மட்டும் தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மறுநாள் கம்பெனிக்குப் போய் லீவு சொன்னேன். துடைத்துத் தேதி குத்தியதில் அங்கே மிச்சம் கிடந்த பாக்கெட் இரண்டும், முந்தின நாள் செய்த மாவில் ஒரு பாக்கெட்டும் பையில் போட்டுக்கொண்டு விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். அங்கே ஆய்வுக்கூடத்தில் இருந்த மேடம் உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவராக இருப்பார். மூன்றையும் தனித்தனிக் கண்ணாடித் தட்டில் இட்டு, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். விளக்கை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சம் ஒன்றைப் போட்டார். புது மாவு இட்ட தட்டில் பச்சையும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாக மின்னியது. உயிர் என்று நீ சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். பதினோரு வருடம் அதைத்தான் கையால் அள்ளியிருக்கிறேன். மற்ற இரண்டு தட்டுகளும் இருட்டாகக் கிடந்தன. "இதுல ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் எப்பவோ செத்துப்போச்சு" என்றார். கஞ்சி சூடாக இருந்திருந்தால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். "பாக்கெட்டுக்குள்ளயே செத்துக் கெடக்குதே. கஞ்சி என்ன பண்ணும்?" என்றார். இன்னொன்றையும் நியாயமாகச் சொன்னார். உயிரோடு இருந்திருந்தாலும் அந்த மூட்டத்துக்குக் கொஞ்சம் நோய் வந்திருக்குமாம். ஆனால் இப்படி மொத்தமாகப் போயிருக்காதாம்.

அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதினேன். தேதியை மாற்றியது யார் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரிகள் வந்தார்கள். பெட்டிகளுக்கு சீல் வைத்தார்கள். விற்பனையை நிறுத்தினார்கள். கம்பெனி மூடிக் கிடக்கிறது. விசாரணை இன்னும் முடியவில்லை, என்னையும் கூப்பிடுகிறார்கள், போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். இருபது பெண்களுக்கு வேலை போயிற்று. என் பக்கத்து மேஜை மஞ்சுளாவுக்கு இரண்டு குழந்தைகள். அவள் ரோட்டில் என்னைப் பார்த்து, "ஏமக்கா, இட்ல சேஸ்திவி" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவள் தெலுங்கில் ஏன் அக்கா இப்படிச் செய்தாய் என்கிறாள். நான் முத்திரை குத்தியதைக் கேட்டாளா, புகார் கொடுத்ததைக் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் ஊருக்கு வந்தேன். காலையில் பால் ஊற்றுகிற நேரத்தில், கோவிந்தன் அண்ணன் உன்னைப் பேசிய அதே வாசலில் நின்று பாக்கெட்டைக் காட்டிச் சொன்னேன். கோவிந்தன் அண்ணன்தான் முதலில் பேசினார். "உன்னை என்னா சொல்றதுன்னே தெரியலம்மா. ஆனா அந்தப் பையன ஊரு மத்தியில நிக்க வெச்சுப் பேசிட்டனே. அவன் நெம்பரக் குடு" என்றார். மாதம்மா அக்கா பால் கேனைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "அப்ப என் கஞ்சி ஆறித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ குஜராத்தில் தரம் பார்க்கிற பிரிவில் இருப்பதாகச் சொன்னாய். நாள் முழுக்க ஓகே முத்திரை குத்துகிற வேலை. உன்னிடம் ஒன்றே ஒன்று சொல்கிறேன், சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும். இது வெறும் கல், வெறும் இரும்பு, வெறும் காகிதம் என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் அந்த இடத்தில் கையை நிறுத்து. அது யார் வீட்டுக்குப் போகிறது என்று கேள். என்னைப் போலத் தெரியாமல் செய்துவிட்டாலும், தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடு. நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் மாதம்மா அக்கா தன் கையைத்தான் சபித்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஆடியில் அவள் மறுபடியும் ராகி விதைத்தாள். மறுபடியும் அதே பாக்டீரியாதான். ஆராய்ச்சி நிலையத்திலேயே நேராகப் போய் வாங்கி வந்திருந்தாள். விதைப்பு அன்று நானும் போனேன். பாக்கெட்டை என்னிடம் நீட்டி, "தேதியப் பாரு. உனக்குத்தான் தெரியும்" என்றாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். துடைத்த தடம் இல்லை, புதுசுதான் என்றேன். வாங்கிக்கொண்டாள். ஆறிய கஞ்சியில் மாவைக் கரைத்து விதையில் ஊற்றினாள். நான் கலந்துவிடலாம் என்று குனிந்தபோது, கோபமில்லாமல், "நீ தள்ளி நில்லு" என்றாள். நான் எழுந்து வரப்பில் போய் நின்றேன். அவள் தன் கையாலேயே கலந்து, நிழலில் உலர்த்தி, தன் கையாலேயே விதைத்தாள். முடியும் வரை நின்றேன்.

உன் நிலத்தை உழுது மட்டும் போட்டிருக்கிறேன். யாரையும் விதைக்க விடவில்லை. நீ திரும்பி வந்து அதில் ராகி போடுவாயோ மாட்டாயோ, அது உன் முடிவு. இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். நீயும் என்னைத் தள்ளி நில் என்று சொல்லலாம். நிற்கிறேன். ஆனால் அதை வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்.

அம்மா